பயம் என்று நான் சொன்னது

ஜூலை 30, புதன்

குறிப்பு வைத்துக்கொள்வது கல்லூரியில் படிந்த பழக்கம். உணர்ச்சிகளை எழுத அல்ல. காரில் என்ன மாற்றினேன், ஏன் மாற்றினேன், அவ்வளவுதான்.

எங்கள் பந்தயத் தொடரில் எல்லா அணிக்கும் ஒரே கார். ஒரே எஞ்சின், ஒரே டயர். ஒருவர் மட்டும் உட்காரலாம். கூரை கிடையாது, சக்கரங்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வித்தியாசம் இரண்டே இடத்தில்தான்: ஓட்டுகிறவர், காரை அமைக்கிறவன். எங்கள் அணியில் ஓட்டுகிறவர் சம்யுக்தா. அமைக்கிறவன் நான்.

இன்று பெடல் பெட்டியைப் பிரித்துச் சுத்தம் செய்து மாட்டினேன். பிரேக்கின் பலத்தை முன்சக்கரங்களுக்கும் பின்சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் கம்பி அதற்குள் இருக்கிறது. பயஸ் கம்பி என்போம். அதிலிருந்து ஒரு கேபிள் ஓட்டுபவரின் கைக்கு எட்டும் நாபுக்கு வருகிறது. வலப்பக்கம் திருகினால் முன்சக்கரத்துக்கு அதிகம், இடப்பக்கம் திருகினால் பின்சக்கரத்துக்கு அதிகம். பழைய கேபிள் மடங்கி உரசிக்கொண்டிருந்தது. எதிர்ப்பக்கமாகக் கொண்டுபோய் மாட்டினேன். இப்போது வழுக்கிக்கொண்டு போகிறது. நல்ல வேலை.

மாட்டிய பிறகு ஒருவர் பெடலை மிதிக்க, இன்னொருவர் சக்கரங்களைக் கையால் சுற்றி எது முதலில் நிற்கிறது என்று பார்ப்பது முறை. லாரி வந்து நின்றுவிட்டது. டிரைவர் ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தான். அதைப் பார்க்காமலே காரை ஏற்றிவிட்டோம்.

முதலாளி சென்னியப்பன் சார் என் தலையில் ஒரு வேலையைக் கட்டினார். வருடக் கடைசிப் பரிசளிப்பு விழாவில் ஒற்றை இருக்கைக் கார்களின் வரலாறு என்று படக்காட்சி வைக்கிறார்களாம். படங்களுக்குக் கீழே எழுத வேண்டியது நான். "நீதான் படிச்சவன். நாலு வரி எழுத மாட்டியா?" என்றார். மாட்டேன் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் போய்விட்டார்.

ஆகஸ்ட் 9, சனி

கோவைக்குப் பக்கத்தில் செட்டிபாளையம் பந்தயப் பாதை. பயிற்சி ஓட்டம்.

சம்யுக்தா உள்ளே வந்து ஹெல்மெட்டைக் கழற்றியதும் சொன்னார்: "பின்னாடி சரியில்லீங்க. பிரேக் வெச்சா வால் ஆடுது."

"பயஸை முன்னாடி திருப்புங்க."

"திருப்புனேன். திருப்பத் திருப்ப இன்னும் அதிகமா ஆடுது."

"அது எப்படிங்க? முன்னாடி திருப்புனா பின்சக்கரத்துக்குப் பிரேக் குறையும். குறைஞ்சா எப்படி ஆடும்?"

"தெரியலீங்க. ஆடுது."

"இன்னும் ரெண்டு திருகு முன்னாடி வைங்க. ஆடாது."

வைத்தார். அடுத்த சுற்றிலேயே புல்லுக்குள் போய்த் திரும்பி வந்தார். லேப்டாப்பைத் திறந்து ஜூன் மாத ஓட்டத்தோடு ஒப்பிட்டேன். நேர்ப்பாதையின் முடிவில் முன்பைவிடச் சீக்கிரம் பிரேக் வைக்கிறார். வைத்துவிட்டுப் பாதியில் காலை எடுக்கிறார். கோடு தெளிவாக இருக்கிறது. எங்கள் காரில் வேகத்தையும் பக்கவாட்டு அசைவையும் அளக்கும் கருவி உண்டு. எந்தச் சக்கரத்துக்கு எவ்வளவு பிரேக் போகிறது என்று அளக்கும் கருவி இல்லை, அதற்கு வசதியில்லை. ஆனால் இருப்பதே போதும்.

சென்ற வருடம் நேர்ப்பாதை முடியும் இதே திருப்பத்தில்தான் கார் உருண்டு அவருக்குக் கழுத்துப்பட்டை எலும்பு முறிந்தது. இதைவிட வேறென்ன விளக்கம் வேண்டும்?

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பந்தயம். அதே திருப்பத்தில் பின்சக்கரங்கள் உருளாமல் பூட்டிக்கொண்டு கார் சுழன்று நின்றது. எஞ்சின் அணைந்துவிட்டது. முடிந்தது கதை.

காரை இழுத்து வந்தார்கள். பக்கத்து அணிக்காரர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். மெக்கானிக் ஜாபர் அண்ணன் சக்கரங்களைத் தட்டிப் பார்த்துவிட்டு, "என்னப்பா, கார்ல ஏதாச்சும் இருக்குமா?" என்றார்.

நான் சொன்னேன்: "கார்ல ஒண்ணுமில்லண்ணா. கால்ல இருக்கு. பயம்."

சத்தமாகத்தான் சொன்னேன். நான் எப்போதும் அப்படித்தான். பக்கத்து அணியில் ஒருவன் சிரித்தான். "அப்ப காலை மாத்திரு நித்தி, ஸ்பேர் இருக்கா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது.

சம்யுக்தா கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்து, "இருக்கலாம்ங்க" என்றார்.

ஆகஸ்ட் 13, புதன்

கோவை கணபதியில் எங்கள் ஷெட். சென்னியப்பன் சார் பழைய படங்களை ஒரு பையில் கொண்டுவந்தார். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலம், பிறகு மாருதி எஞ்சினைப் பிடுங்கி ஒற்றை இருக்கைக் கார் கட்டிய காலம். ஒவ்வொரு படத்திலும் தான் எங்கே நிற்கிறேன் என்று விரல் வைத்துக் காட்டினார். பாதிப் படத்தில் முதுகுதான் தெரிகிறது.

"இது நான்தான். நடை தெரியுது பாரு."

"நிக்கிறீங்க சார்."

"நிக்கிறதுலயே தெரியும்டா."

போகும்போது சொன்னார்: "அம்மணிக்கு இன்னும் ஒரு ரேஸ் பாப்போம். சரிவரலீன்னா சேலத்துப் பையனை ஏத்தீரலாம். பயந்துட்டா அப்புறம் வண்டி ஓட்ட முடியாதப்பா. நீயே சொல்லீட்ட."

நானே சொல்லிவிட்டேன். சரிதான்.

ஆகஸ்ட் 20, புதன்

தனிப் பயிற்சி. பிரேக் வைக்க வேண்டிய இடத்தில் ஆரஞ்சுக் கூம்பை வைத்துப் பக்கத்தில் நின்றேன். அதற்கு முன்னால் கால் வைக்கக் கூடாது என்பது நிபந்தனை. ஒவ்வொரு முறையும் பின்பக்கம் விலகியது. ஒவ்வொரு முறையும் கையை ஆட்டி மறுபடி போகச் சொன்னேன்.

முடிந்ததும் சம்யுக்தா சுவரோரம் போய் வாந்தி எடுத்தார். ஜாபர் அண்ணன் தண்ணீர் கொடுத்தார். "வெயிலு" என்றார் சம்யுக்தா. மேகமூட்டமாக இருந்தது.

ஆர்.எஸ்.புரத்தில் ஒரு மனநல மருத்துவரைப் பார்க்கிறாராம். "கண்ணை மூடி அந்தத் திருப்பத்தை நினைச்சுப் பாக்கச் சொல்றாங்க. பயம் எங்க தோணுதுன்னு கேக்கறாங்க. எனக்கு இடுப்புல தோணுது, கார் விலகுற மாதிரி. அது காரில்ல, பயம்தான்னு உடம்புக்குப் பழக்கணுமாம்."

"நல்ல விஷயம். விடாம போங்க" என்றேன்.

செப்டம்பர் 4, வியாழன்

பிரேக் பேட் மாற்றினோம். கேபிளைக் கழற்றிப் பழைய பக்கமே மாட்டினேன். சின்ன வேலை. மழை.

செப்டம்பர் 5, வெள்ளி

நேற்று எழுதியது போதாது.

பேட் மாற்றும்போது ஜாபர் அண்ணன் காருக்குள் உட்கார்ந்து பெடலை மெல்ல மிதித்துக்கொண்டிருந்தார். நான் பின்சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தேன். பொழுதுபோகாமல் அவர் நாபை வலப்பக்கம் திருகினார். முன்பக்கத்துக்கு அதிகம் போக வேண்டும். பின்சக்கரம் என் கையிலேயே இறுகி நின்றது. "இன்னொரு தடவை திருகுங்கண்ணா." இன்னும் இறுகியது. இடப்பக்கம் திருகச் சொன்னேன். தளர்ந்தது.

ஒரு ஸ்குரூவை இந்த முனையில் நின்று திருகினால் வலம் என்பது அந்த முனையில் நின்று திருகினால் இடம். கேபிளை எதிர்ப்பக்கம் மாட்டியபோது நாப் தலைகீழாகிவிட்டது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குக்கூட இது தெரியும். அவர் முன்னால் திருகத் திருகப் பின்சக்கரம் பூட்டியிருக்கிறது. "இன்னும் ரெண்டு திருகு" என்று சொன்னவன் நான். கூம்பு வைத்துப் பக்கத்தில் நின்றவனும் நான்.

அவர் சொன்னது ஒவ்வொரு எழுத்தும் உண்மை.

ஜாபர் அண்ணனை டீ வாங்கிவர அனுப்பினேன். அவர் வருவதற்குள் மாற்றிவிட்டேன். டீயில் சர்க்கரை குறைவு என்று அவரிடமே குறை சொன்னேன்.

சம்யுக்தாவிடம் சொல்ல வேண்டும். பந்தயத்துக்கு ஒரு வாரம்தான் இருக்கிறது. இப்போது சொன்னால் கவனம் சிதறும். முடிந்ததும் சொல்கிறேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

இருங்காட்டுக்கோட்டை. சென்னைக்குப் பக்கத்துப் பாதை. சம்யுக்தா இரண்டாம் இடம். இதே பாதையில் சென்ற வருடம் ஓட்டியதைவிட வேகம்.

பரிசு மேடையில் மைக்கை நீட்டினார்கள். "போன ரேஸ்ல எங்க இன்ஜினியர் நித்திலன் எல்லார் முன்னாடியும் எங்கிட்ட ஒரு உண்மையைச் சொன்னாரு. கார்ல இல்ல, உன் கால்லதான் பயம்னு. அன்னைக்குக் கோவம் வந்துச்சு. ஆனா யாராவது ஒருத்தர் சொல்லியிருக்கணும். தேங்க்ஸ்ங்க" என்றார்.

கூட்டம் கைதட்டியது. சென்னியப்பன் சார் என் முதுகில் அடித்த அடியில் இருமல் வந்துவிட்டது. பக்கத்து அணியில் அன்று சிரித்தவன் வந்து கை குலுக்கினான். "உன்ன மாதிரி மூஞ்சிக்கு நேரா சொல்ற ஆளு வேணும்பா."

செப்டம்பர் 15, திங்கள்

தலைவலி. ஷெட்டுக்குப் போகவில்லை.

செப்டம்பர் 24, புதன்

படங்களுக்குக் குறிப்பு எழுதி முடிக்கச் சொல்லி நெருக்குகிறார் சார். ஒரு படத்தில் கவிழ்ந்த காரும் சுற்றிலும் மனிதர்களும். ஓட்டியவர் பெயர் லெஸ்லி டிமாண்டி. அதோடு ஒட்டியிருந்த செய்தித் துண்டில் "ஓட்டுநர் கட்டுப்பாட்டை இழந்தார்" என்று இருந்தது. அப்படியே எழுதிவைத்தேன்.

சென்னியப்பன் சார் எட்டிப் பார்த்துவிட்டு, "அட, லெஸ்லி! பாவம். சக்கரம் கழண்டு ஓடிப்போச்சு. அவன் என்ன பண்ணுவான்?" என்றார்.

"அப்ப சக்கரத்தை இறுக்குனது யாருங்க சார்?"

"யாரோ ஒருத்தன். அவன் பேரு எதுக்கு உனக்கு? போட்டோல அவன் இல்லியே."

இன்னொரு படம் வெளிநாட்டுக் கார், நூறு வருடத்துக்கு முந்தையது. இரண்டு இருக்கை. ஓட்டுபவருக்குப் பக்கத்தில் மெக்கானிக்கும் உட்கார்ந்து போவாராம். போகிற வழியில் எண்ணெய் அடிக்க, டயர் மாற்ற. நட்டைச் சரியாக இறுக்கவில்லையென்றால் அவரும் சேர்ந்து உருளுவார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில் அவரை இறக்கிவிட்டார்கள். கொஞ்சம் கழித்து அந்த இருக்கையையே எடுத்துவிட்டார்கள். வேகம் கூடியது.

இதைக் குறிப்பில் நான்கு வரியாக எழுதினேன். பிறகு "வேகம் கூடியது" என்பதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அடித்தேன். இடமில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

மறுபடி இருங்காட்டுக்கோட்டை. சம்யுக்தா முதலிடம். இப்போது புள்ளிப் பட்டியலிலும் முதலிடம். கடைசிப் பந்தயம் செட்டிபாளையத்தில். அதில் மூன்றாவதாக வந்தாலே தேசியப் பட்டம். இந்தப் பிரிவில் இதுவரை எந்தப் பெண்ணும் வாங்கியதில்லை என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். சேலத்துப் பையன் பேச்சு அடங்கிவிட்டது.

சொல்லிவிடலாம் என்று அவர் தனியாக இருந்தபோது போனேன். டயர் மேல் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"நித்திலன், ஒண்ணு சொல்லட்டுமா? ஒரு டெக்னிக் கண்டுபிடிச்சிருக்கேன். பின்னாடி ஏதாச்சும் தப்பாத் தோணுச்சுன்னா, 'இது காரில்ல, பயம்'னு வாய்விட்டுச் சொல்லுவேன். ஹெல்மெட்டுக்குள்ளயே. சொல்லீட்டுக் காலை எடுக்காம மிதிப்பேன். அவ்ளோதான், போயிருது."

"எப்பவுமேவா?"

"எப்பவுமே. முன்னாடியெல்லாம் ஓடி வந்து உங்ககிட்ட அது ஆடுது, இது ஆடுதுன்னு புலம்புவேன்ல? இப்ப வர்றதில்ல பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. இரண்டு மாதமாக அவர் கார் பற்றி ஒரு குறைகூடச் சொல்லவில்லை. என் அமைப்பு அவ்வளவு நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"என்னமோ சொல்ல வந்தீங்களே?"

"ஒண்ணுமில்ல. ஊறுகா இருக்கான்னு கேக்க வந்தேன்."

கொடுத்தார். நின்றபடியே தின்றேன்.

அக்டோபர் 13, திங்கள்

பட்டம் வென்ற பிறகு சொல்வதே சரி. இப்போது சொன்னால் அவருக்குக் குழப்பம். அவர் நன்மைக்காகத்தான்.

மேலே உள்ளதைத் திரும்பப் படித்தேன். அவர் நன்மைக்காகவாம்.

நவம்பர் 9, ஞாயிறு

எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

காலையில் சூடேற்றும் ஓட்டம். சம்யுக்தா எல்லோரையும்விட வேகம். உள்ளே வந்ததும் கேட்டேன்: "கார் எப்படி? ஏதாச்சும் இருக்கா?"

"சூப்பருங்க. ஒண்ணுமில்ல." பிறகு சிரித்தார். "இந்த இடமில்லியா, பழைய பயம் கொஞ்சம் எட்டிப் பாக்குது. நான் பாத்துக்கறேன்."

நான் மேலே கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். ஜாபர் அண்ணனோடு சேர்ந்து டயர் காற்றைச் சரிபார்த்தேன், பெட்ரோல் ஊற்றினேன், போல்ட்டுகளைத் தொட்டுப் பார்த்தேன். எல்லாம் இறுக்கமாக இருந்தன. காரை வரிசைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

அதற்கப்புறம்தான் லேப்டாப்பைத் திறந்தேன். பிரேக் வைக்கும் இடத்தில் பக்கவாட்டு அசைவைக் காட்டும் கோட்டில் ஒரு சின்ன நடுக்கம். ஒவ்வொரு சுற்றிலும், ஒரே இடத்தில். கேபிள் பிரச்சினை இல்லை, அதைச் சரிசெய்தாயிற்று. இது புதிது. பயமாக இருந்தால் கால் நடுங்கும், கார் இப்படி நடுங்காது. அவர் அதை இடுப்பில் உணர்ந்திருக்கிறார். உணர்ந்து, வாய்விட்டு "பயம்" என்று சொல்லி, இன்னும் அழுத்தி மிதித்திருக்கிறார்.

எங்கள் தொடரில் ரேடியோ கிடையாது. ஒருமுறை புறப்பட்டால் பாதையோரம் நின்று போர்டில் சுற்று எண்ணைத்தான் காட்ட முடியும்.

ஓடினேன். தொடக்கக் கோட்டில் கார்கள் வரிசையாக நின்றன. சம்யுக்தா முதல் வரிசையில், பெல்ட் மாட்டி, ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டிருந்தார். சென்னியப்பன் சார் குடை பிடித்துக்கொண்டு போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தார். நான் குனிந்து கண்ணாடியைத் தூக்கினேன்.

"சம்யுக்தா, காலைல பின்னாடி என்ன தோணுச்சு?"

"ஒண்ணுமில்லீங்க. அதான் சொன்னேனே, பயம்."

"பயம் இல்ல. ஆகஸ்ட்லயும் பயம் இல்ல. கேபிளை நான் தப்பா மாட்டியிருந்தேன். நாப் தலைகீழா வேலை செஞ்சுது. முன்னாடி திருப்புனா பின்னாடி பூட்டுச்சு. நீங்க சொன்னதுதான் சரி."

கண்கள் மட்டும்தான் தெரிந்தன. இமைக்கவில்லை.

"எப்பத் தெரியும்?"

"செப்டம்பர்ல. சரிபண்ணீட்டு, சொல்லல."

"நான் மேடையில தேங்க்ஸ் சொன்னப்ப?"

"தெரியும்."

மெக்கானிக்குகள் வெளியேற வேண்டும் என்று போர்டு காட்டினார்கள். விசில் அடித்தார்கள். சென்னியப்பன் சார், "டேய், வா போலாம், என்னடா கொஞ்சிக்கிட்டு இருக்க?" என்று கத்தினார்.

சம்யுக்தா கேட்டார்: "அப்ப இன்னைக்குத் தோணுறது?"

"எனக்குத் தெரியல. டேட்டாவுல ஒரு நடுக்கம் இருக்கு. எதுன்னு தெரியல. ஒண்ணுமில்லாமயும் இருக்கலாம்."

"நீங்க என்ன சொல்றீங்க, ஓட்டலாமா வேண்டாமா?"

வாயைத் திறந்தேன். எப்போதும் எனக்குப் பதில் தயாராக இருக்கும். "நான் சொல்லக் கூடாதுங்க" என்றேன். "உங்களுக்கு என்ன தோணுது?"

அவர் முன்னால் நீண்டு கிடந்த பாதையைப் பார்த்தார். பிறகு கண்களை மூடினார். விசில் மறுபடி அடித்தது. மூடிய கண்களோடு சொன்னார்: "இடது பின்சக்கரம். பிரேக் வைக்கறப்ப அது மட்டும் என் கூட வர்றதில்ல."

பெல்ட்டைத் திருகித் திறந்தார். எழுந்து இறங்கினார்.

கூட்டத்திலிருந்து ஒரு ஊளை கிளம்பியது. சென்னியப்பன் சார் குடையைக் கீழே போட்டுவிட்டார். "அம்மணி! என்ன கண்ணு பண்ற? ஏறும்மா! சாம்பியன்ஷிப்மா!" சம்யுக்தா நிற்கவில்லை. காரை நானும் ஜாபர் அண்ணனும் பாதையை விட்டுத் தள்ளினோம். பந்தயம் எங்களை விட்டுவிட்டுக் கிளம்பிப் போனது.

இடது பின்சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் கம்பியின் நுனியில் ஒரு மூட்டு உண்டு. அதன் மரை நட்டுக்குள் மறைந்திருக்கும். வெளியிலிருந்து இறுக்கமாகத்தான் தெரியும். கழற்றியபோது பாதிக்கு மேல் விரிசல் விட்டிருந்தது. ஜாபர் அண்ணன் இரண்டு விரலால் வளைத்தார். பிய்ந்து வந்துவிட்டது.

"யா அல்லா" என்றார்.

சம்யுக்தா அதை வாங்கிப் பார்த்தார். "இதை மாத்த எவ்ளோ நேரம் ஆகும்?"

"அரை மணி நேரம். அதுகூட ஆகாது."

"காலைல சொல்லியிருந்தா மாத்தீட்டு ஓட்டியிருக்கலாம்."

"ஆமா."

"முன்ன மாதிரி இருந்திருந்தா காலைலயே ஓடி வந்து சொல்லியிருப்பேன்."

ஒலிபெருக்கியில் வேறு ஒருவர் பெயரைச் சொல்லிச் சாம்பியன் என்று கத்திக்கொண்டிருந்தார்கள். சம்யுக்தா உடைந்த துண்டை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு அப்பாவின் காரில் ஏறிப் போனார். கதவைச் சாத்தும்போதுகூடச் சத்தம் வரவில்லை.

நவம்பர் 10, திங்கள்

வாட்ஸாப் குழு முழுக்க அதே படம். சம்யுக்தா காரிலிருந்து ஒரு காலை வெளியே வைத்திருக்கிறார். கீழே: "கடைசி நிமிஷத்தில் கால் நடுங்கிருச்சு." சிரிக்கும் முகங்கள். அந்தச் சொல்லை அவர்களுக்குக் கொடுத்தவன் நான்.

உடைந்த மூட்டைப் படமெடுத்துப் போட்டேன். "வண்டி உடைஞ்சது அவங்களுக்கு எப்படித் தெரியும்? சும்மா லக்" என்று ஒருவன் பதில் போட்டான்.

சென்னியப்பன் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "மூட்டு உடைஞ்சுது, அம்மணி தப்பிச்சுது. அதோட விடு. கேபிள் கதையெல்லாம் வெளிய சொல்லாதே. அடுத்த வருஷம் எவன் நம்மகிட்ட ஓட்ட வருவான்?"

நவம்பர் 15, சனி

பரிசளிப்பு. அவிநாசி ரோட்டில் ஒரு மண்டபம். வாசலில் என் குறிப்புகளோடு படங்கள் வரிசையாக நின்றன. யாரும் படிக்கவில்லை. பிரியாணி வாசனை வந்துவிட்டது.

சம்யுக்தாவுக்கு இரண்டாம் இடத்துக்கான கோப்பை. வாங்கிக்கொண்டு இறங்கினார். பின்வரிசையில் யாரோ "காலு, காலு" என்றார்கள்.

மேடையேறி மைக்கைப் பிடித்தேன். யாரும் அழைக்கவில்லை. சொன்னேன்: ஆகஸ்டில் கேபிளைத் தப்பாக மாட்டியது நான். அவர் சரியாகச் சொன்னதைப் பயம் என்று எல்லோர் முன்னாலும் சொன்னது நான். செப்டம்பரில் தெரிந்துகொண்டு மறைத்தது நான். அதனால்தான் பட்டம் போனது. அவருக்குப் பயம் இருந்ததே இல்லை. எனக்குத்தான் இருந்தது.

மண்டபம் அமைதியானது. ஒரு கணம், சொன்னது போய்ச் சேர்ந்துவிட்டது என்று நினைத்தேன்.

சென்னியப்பன் சார் பாய்ந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டு மைக்கை வாங்கினார். "பாத்தீங்களா! இதாங்க டீமு! டிரைவர் பேரு கெடக் கூடாதுன்னு எல்லாப் பழியையும் தன் தலைல போட்டுக்கறான் பாருங்க, எம் பையன்!"

கைதட்டல். எழுந்து நின்று தட்டினார்கள். விசில் வேறு. "அப்படியில்லை சார், நிஜமாவே" என்று நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை. இறங்கி வருவதற்குள் நாலைந்து பேர் தோளில் தட்டிவிட்டார்கள்.

சாப்பாட்டு வரிசையில் சம்யுக்தா எனக்கு முன்னால் நின்றிருந்தார். திரும்பாமலே சொன்னார்.

"அன்னைக்கும் கைதட்டு உங்களுக்குத்தான். இன்னைக்கும் உங்களுக்குத்தான்."

"நான் அதுக்காகச் சொல்லலீங்க."

"தெரியும்." தட்டில் பிரியாணி விழுந்தது. வாங்கிக்கொண்டு, "வெங்காயம் போடுங்கண்ணா" என்று பரிமாறுபவரிடம் சொல்லிவிட்டு நகர்ந்தார்.

நவம்பர் 17, திங்கள்

வேலையை விட்டுவிட்டேன். சார் நான் சம்பளம் கூட்டிக் கேட்பதாக நினைத்துப் பேரம் பேசினார்.

டிசம்பர் 6, சனி

செட்டிபாளையத்தில் வேறு ஒரு அணியில் சம்யுக்தாவுக்குச் சோதனை ஓட்டம் என்று ஜாபர் அண்ணன் சொன்னார். போகக் கூடாது என்று நினைத்தேன். போனேன். உள்ளே போகவில்லை. ரோட்டோரக் கம்பி வேலிக்கு வெளியே, இளநீர் வண்டிக்குப் பக்கத்தில் நின்றேன்.

ஒரு சுற்று போனார். இரண்டாவது சுற்று முடிவதற்கு முன்பே உள்ளே வந்துவிட்டார். காரில் இருந்தபடியே கையை நீட்டி ஏதோ சொன்னார். என் வயதுடைய ஒருவன் லேப்டாப்பைக் கொண்டுவந்து அவர் முன்னால் பிடித்தான். திரையில் விரலை வைத்து நீளமாக விளக்கினான். என்ன சொல்கிறான் என்பது அங்கிருந்தே எனக்குப் புரிந்தது.

சம்யுக்தா திரையைப் பார்க்கவில்லை. இறங்கினார். ஹெல்மெட்டைக் கழற்றி இருக்கையில் வைத்துவிட்டு, காருக்குப் பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். இன்னொருவர் வந்து பேசினார். மூன்றாவதாக ஒரு பெரியவர் வந்தார், கடிகாரத்தைக் காட்டினார். சம்யுக்தா எல்லோருக்கும் ஒரே மாதிரி தலையை ஆட்டினார்: மாட்டேன்.

"படம் ஏதாச்சும் எடுக்கறாங்களா?" என்றார் இளநீர்க்காரர்.

"இல்லீங்கண்ணா."

கடைசியில் லேப்டாப்பை மூடிவிட்டு, அந்த இளைஞனே ஜாக்கியைத் தள்ளிக்கொண்டு வந்தான். காரின் பின்பக்கம் மேலே எழுந்தது. சக்கரத்தைக் கழற்றத் தொடங்கினார்கள்.

காரில் ஏதாவது இருந்ததா என்று பார்க்க நான் நிற்கவில்லை.